மொலோசியர் நாட்டில் ஆறு நாள்

நாள் 1: ஏதென்ஸ் – யானினா

கிரேக்க வரலாறு என்றாலே பேச்சு ஏதென்ஸில் தொடங்கி ஸ்பார்டாவில் முடிந்துவிடும். வடமேற்கு மூலையில், பிண்டோஸ் மலைத்தொடருக்கும் அயோனியக் கடலுக்கும் நடுவே கிடக்கும் எபிரஸ் பக்கம் போகிறவர்கள் குறைவு. அங்கே வாழ்ந்த மொலோசியர் என்ற இனக்குழுவின் தடத்தைப் பிடித்துக்கொண்டு போகும் தொடர் இது. மாவீரன் அலெக்சாண்டரின் தாய் ஒலிம்பியாஸ் இந்தக் குலத்துப் பெண். ரோமானியரைப் போரில் வென்று, வென்றதாலேயே படையை இழந்து நொந்துபோன பிர்ரோஸ் இவர்களுடைய அரசன்.

முதலில் வழி. ஏதென்ஸின் கிஃபிசோஸ் பேருந்து நிலையத்திலிருந்து யானினாவுக்கு (வரைபடங்களில் இயோவானினா என்றிருக்கும்) நேரடிப் பேருந்து உண்டு. ஆறு மணி நேரம், கொஞ்சம் கூடக்குறைய. 2004-இல் திறந்த ரியோ–அன்டிரியோ பாலம் வழியாகக் கொரிந்து வளைகுடாவைக் கடந்து, 2017-இல் முழுமையடைந்த அயோனிய நெடுஞ்சாலையில் வடக்கே ஏற வேண்டும். பேருந்து யானினா வரைக்கும்தான் உதவும். அடுத்த ஐந்து நாளும் பார்க்கப்போகும் இடங்களில் பாதிக்குப் பொதுப் போக்குவரத்தே கிடையாது, ஆகவே கார் வேண்டும். இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் ஊரிலேயே எடுத்துக்கொண்டு வருவது நல்லது. அது இல்லாமல் வந்து வாடகைக் கடையில் வாதாடிப் பயனில்லை.

எபிரோஸ் என்ற சொல்லுக்குப் பெருநிலம் என்று பொருள். தீவுகளில் இருந்தவர்கள் எதிர்க்கரையைப் பார்த்து வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும், உள்ளே இருந்தவர்களுக்கு அப்படி ஒரு பொதுப்பெயர் வெகுகாலம் தேவைப்படவில்லை. கி.மு. 4-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் தியோபொம்பஸ் இங்கே 14 இனக்குழுக்கள் இருந்ததாகக் கணக்குச் சொல்கிறார். அவற்றில் பெரியவை மூன்று. வடக்கே சாவோனியர், அவர்கள் நிலத்தில் பெரும்பகுதி இன்று அல்பேனியாவில் இருக்கிறது. கடலோரத்தில் தெஸ்ப்ரோத்தியர். நடுவே, யானினா ஏரியைச் சுற்றியுள்ள மேட்டுச் சமவெளியில் மொலோசியர்.

கி.மு. 429-இல் நடந்த ஒரு படையெடுப்பைச் சொல்லும்போது ஏதென்ஸ் வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் இவர்கள் எல்லோரையும் 'பார்பரோய்' (கிரேக்கர் அல்லாத அயலார்) என்ற பட்டியலில் போட்டுவிடுகிறார். அதே வரிகளில் ஒரு தகவலையும் தந்துவிட்டுப் போகிறார். சாவோனியருக்கு அரசன் இல்லை, ஆண்டுக்கு ஒரு தலைமை. மொலோசியருக்கு அரசன் உண்டு, ஆனால் தாரிப்ஸ் என்ற அந்த அரசன் சிறுவன், காப்பாளர் ஒருவர் படையை நடத்திவந்தார். அந்தச் சிறுவன் பிற்பாடு ஏதென்ஸில் படித்துத் திரும்பி எழுத்தும் சட்டமும் கொண்டுவந்தான் என்று பண்டை நூல்கள் சொல்கின்றன. அரச குடும்பம் தன்னை டிராய்ப் போர் வீரன் அக்கிலீஸின் மகன் நியோப்டோலெமஸின் வழி என்று சொல்லிக்கொண்டது. மொழியும் கிரேக்கமே, வடமேற்குக் கிளைமொழி. பிறகு ஏன் 'பார்பரோய்'? ஏதென்ஸ்காரர் கண்ணுக்கு நகரம் இல்லாமல் ஊர் ஊராகச் சிதறி வாழ்வதே நாகரிகக் குறைவு.

இந்தப் பயணத்தைத் திட்டமிடும்போது நினைவில் வைக்க வேண்டியதும் அதுதான். மொலோசியருக்கு வெகுகாலம் தலைநகர் என்று ஒன்று இல்லை. ஆகவே அக்ரோபொலிஸ் மாதிரி ஒன்றைத் தேடிக்கொண்டு வந்தால் ஏமாற்றம்தான். அவர்கள் கூடிய இடங்களைத் தேட வேண்டும்: குறி கேட்கக் கூடிய இடம், சத்தியம் செய்யக் கூடிய இடம், ஆடு மாடு ஓட்டிக்கொண்டு போய்த் தங்கிய இடம்.

மாலையில் யானினா அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கிரேக்கத்தில் செவ்வாய்க்கிழமை மூடும் அருங்காட்சியகங்கள் பல, நாள் பார்த்து வாருங்கள். டொடோனா கூடத்தில் விரல் நீள ஈயத் துண்டுகள் இருக்கும். அவசரப்பட்டுக் கடந்துவிடாதீர்கள். நாளைய பதிவில் பாதி அவற்றைப் பற்றியது.

நாள் 2: டொடோனா

சியூஸ் கடவுளிடம் குறி கேட்க மக்கள் கூடிய இடம் டொடோனா. யானினாவிலிருந்து தென்மேற்கே சுமார் 20 கி.மீ. பேருந்தை நம்ப முடியாது. டாக்சியில் போவதானால் காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்து முன்பே விலை பேசுங்கள், திரும்பி வர அங்கே வண்டி கிடைக்காது. நிழல் குறைவான இடம், கோடையில் காலை எட்டு மணிக்கே நுழைவது உத்தமம். குளிர்காலத்தில் வருபவர்களுக்கு ஹோமரே எச்சரிக்கை எழுதி வைத்திருக்கிறார். இலியட்டில் அக்கிலீஸ் வேண்டுவது 'கடுங்குளிர் டொடோனாவை ஆளும்' சியூசிடம்தான்.

நுழைந்ததும் எல்லோர் கால்களும் அரங்கத்தை நோக்கித்தான் போகும். போகட்டும், பார்த்துவிட்டு வரலாம். கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிர்ரோஸ் காலத்தில் கட்டியது. 55 வரிசை இருக்கைகள், சுமார் 17,000 பேர் உட்காரலாம். மலைச்சரிவு போதாமல் இரு ஓரங்களிலும் கோட்டைக் கொத்தளம்போல் தாங்குசுவர் எழுப்பியிருக்கிறார்கள். அடிவரிசைக்கு வந்தால் ஒரு முரண் கண்ணில் படும்: முதல் வரிசை இருக்கை தரையில் இல்லை, ஆளுயரத்துக்கு மேலான சுவர் ஒன்றின் உச்சியில் இருக்கிறது. ரோமானியர் காலத்தில் கீழ் வரிசைகளைப் பிடுங்கிவிட்டு, விலங்குச் சண்டைக்காக ஆடுகளத்தைச் சுற்றி எழுப்பிய சுவர் அது, சுமார் 2.8 மீட்டர். நாடகம் பார்க்கக் கட்டிய இடம் வேட்டை பார்க்கும் இடமாயிற்று. சீரமைப்புப் பணி காரணமாகச் சில பகுதிகளில் கயிறு கட்டியிருப்பார்கள், மேல் வரிசைகளுக்கு ஏற விடாத நாட்களும் உண்டு.

ஆனால் 17,000 பேரை இந்தப் பள்ளத்தாக்குக்கு இழுத்தது அரங்கம் இல்லை, ஒரு மரம். அரங்கத்துக்குக் கிழக்கே, தாழ்வான கல் அடித்தளத்துக்குள் ஓர் ஓக் மரம் நிற்கும் இடம். இன்று நிற்பது அண்மைக் காலத்தில் நட்டது. பழைய மரம் கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பழைய வழிபாடுகளுக்குத் தடை வந்தபோது வெட்டப்பட்டது.

அந்த மரம்தான் கோயில். வெகுகாலத்துக்குக் கட்டடமே இல்லை. சியூஸ் நயோஸும் அவன் துணைவி டியோனியும் மரத்திலேயே உறைவதாக நம்பிக்கை. பூசாரிகள் செல்லோய். காலைக் கழுவக் கூடாது, வெறுந்தரையில்தான் படுக்க வேண்டும் என்று ஹோமர் அவர்களை வருணிக்கிறார். மண்ணோடு தொடர்பு அறுந்துவிடக் கூடாது என்ற நோன்பாக இருக்கலாம். கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் மரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கல் அறை வந்தது. நூற்றாண்டின் நடுவில் சுற்றுச்சுவர். பிர்ரோஸ் அந்தச் சுவரை எடுத்துவிட்டு மூன்று பக்கம் தூண் தாழ்வாரம் வைத்தார். நான்காவது பக்கத்தை மரத்துக்காகக் காலியாக விட்டார். அடித்தளத்தைச் சுற்றி நடந்தால் இந்த மூன்று கட்டங்களையும் கல்லின் அளவு வேறுபாட்டிலேயே படிக்கலாம்.

சுவர் வருவதற்கு முன் மரத்தைச் சுற்றி வேலியாக நின்றவை முக்காலி வைத்த வெண்கலக் கொப்பரைகள். ஒன்றையொன்று தொடும்படி நெருக்கி வைத்திருந்ததால், ஒன்றைத் தட்டினால் அதிர்வு சுற்றிக்கொண்டு போகும். ஓயாமல் பேசுகிறவனை 'டொடோனா வெண்கலம்' என்று கிரேக்கர் கேலி செய்தது இதனால். பிற்பாடு கோர்ஃபூ தீவினர் ஒரு பொறியைக் காணிக்கையாகத் தந்தார்கள். கொப்பரைக்கு மேல் கையில் சாட்டையோடு ஓர் உருவம், சாட்டையில் மூன்று சங்கிலி, சங்கிலிகளின் நுனியில் எலும்பு மணிகள். காற்றடித்தால் மணிகள் கொப்பரையில் மோதும். ஒரு மோதலின் ரீங்காரம் அடங்குவதற்குள் நானூறு வரை எண்ணிவிடலாம் என்கிறார் பண்டை நிலவியலாளர் ஸ்டிராபோ. காற்று நின்றால் பொறியும் நின்றுவிடும், ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் காற்று நிற்பது அபூர்வம்.

புறாக்களின் கதையையும் இங்கேயே நின்று யோசிக்கலாம். எகிப்தின் தீப்சிலிருந்து ஒரு கரும்புறா பறந்துவந்து, ஓக் மரத்தில் உட்கார்ந்து மனிதக் குரலில் 'இங்கே குறிமேடை அமையுங்கள்' என்றது: டொடோனாவின் மூன்று பூசாரிணிகள் ஹெரோடோட்டஸிடம் சொன்ன கதை இது. புரொமெனெயா, டிமாரெட்டே, நிகாண்ட்ரா என்று மூவர் பெயரையும் அவர் குறித்திருக்கிறார். எகிப்திலிருந்து விற்கப்பட்டு வந்த பெண் ஒருத்தியின் புரியாத மொழி பறவைச் சத்தம்போல் கேட்டிருக்கும் என்பது அவருடைய விளக்கம். ஸ்டிராபோ தரும் தகவல் அதைவிட எளியது: மொலோசியர், தெஸ்ப்ரோத்தியர் பேச்சில் கிழவிக்குப் 'பெலியா' என்று பெயர். பொதுக் கிரேக்கத்தில் 'பெலெயா' என்றால் புறா. ஊர்க்காரர்கள் கிழவிகள் என்றார்கள், வந்தவர்கள் புறாக்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். எங்களுக்கு இந்த விளக்கம்தான் நிறைவாக இருக்கிறது.

இனி ஈயத் தகடுகள், குறி கேட்க வந்தவர்கள் தங்கள் கேள்வியை எழுதியவை. 2013-இல் வெளியான முழுத்தொகுப்பில் 4,200-க்கும் மேற்பட்ட கேள்விகள் இருக்கின்றன. கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து கி.மு. 2-ஆம் நூற்றாண்டு வரை பரவிக் கிடப்பவை. செய்முறை இதுதான். மெல்லிய ஈயப் பட்டையைச் சின்ன நாடாபோல் வெட்ட வேண்டும். கூரான கருவியால் கேள்வியைக் கீற வேண்டும். எழுத்து உட்பக்கம் போகும்படி மடிக்கவோ சுருட்டவோ வேண்டும். வெளிப்பக்கத்தில் சிலவற்றில் கேட்டவர் பெயரின் முதலெழுத்தோ 'பிள்ளைப்பேறு பற்றி' என்பதுபோல் ஒரு குறிப்போ இருக்கும். பதில் எழுதிய தகடுகள் மிகக் குறைவு, பதில் வாய்மொழியாகவோ சீட்டு எடுத்தோ கிடைத்திருக்க வேண்டும். வேலை முடிந்த தகட்டை எறிந்துவிட மாட்டார்கள். ஈயம் மென்மையானது, தட்டிச் சமனாக்கி அடுத்தவர் அதன்மேலேயே எழுதுவார். இன்றைய ஆய்வாளர்களின் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது: ஒரே தகட்டில் மூன்று நான்கு காலத்து எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று.

பேரரசர்களின் கேள்விகள் இல்லை இவை. ஆடு வளர்த்தால் லாபம் வருமா என்று ஒருவர். அனிலா சுமக்கும் பிள்ளை தன்னுடையதுதானா என்று லிசானியாஸ். காணாமல்போன போர்வைகளையும் தலையணைகளையும் வெளியாள் எவனாவது எடுத்தானா என்று அகிஸ். எசமானன் தருவதாகச் சொன்ன விடுதலை கிடைக்குமா என்று கித்தோஸ் என்ற அடிமை. 'எது நல்லது, எது மேலானது' என்ற வாய்பாடு திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலும் அவரவர் பேச்சுவழக்கில், அவரவர் எழுத்து முறையில் எழுதியவை. கிரேக்கத்தின் சாதாரண மனிதன் எப்படிப் பேசினான் என்பதற்கு இவ்வளவு பெரிய சாட்சி வேறு எங்கும் கிடைப்பது கடினம். 2023-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் இவை சேர்க்கப்பட்டன.

அரங்கத்துக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கும் மன்றக் கட்டடத்தையும் விட்டுவிடாதீர்கள். நீளம் சுமார் 43 மீட்டர். எபிரஸ் கூட்டமைப்பு கூடிய இடம். ஆனால் மொலோசியர் அரசியலைப் புரிந்துகொள்ள இதைவிட உதவுவது டொடோனாவில் கிடைத்த ஒரு சின்னக் கல்வெட்டு, கி.மு. 370-ஐ ஒட்டியது. அல்கெட்டாஸ் மகன் நியோப்டோலெமஸ் அரசனாக இருந்தபோது, அன்டிமாகோஸின் மனைவி ஃபிலிஸ்டாவுக்கும் அவள் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை தரப்பட்டது என்கிறது. ஃபிந்தோ என்ற இன்னொரு பெண்ணுக்கும் அதே கல்லில் அதே உரிமை. ஏதென்ஸ் கல்வெட்டுகளைப் படித்துப் பழகிய கண்ணுக்கு இது உறுத்தும், அங்கே இப்படிப்பட்ட தீர்மானங்கள் ஆணின் பெயருக்குத்தான் எழுதப்படும். அரசன் பெயருக்குப் பிறகு 'புரோஸ்டாடெஸ்' என்ற தலைவர், அவருக்குப் பின் எழுத்தர், பிறகு உட்பிரிவுக்கு ஒருவராகப் பத்து அலுவலர்கள். அரசன் இருந்தான், ஆனால் அவன் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது.

நாள் 3: பசாரோன்

அந்த அரசன் எந்த நிபந்தனையில் அரசனாக இருந்தான் என்பதைப் பார்க்க யானினாவுக்கு வடமேற்கே அரை மணி நேரம் ஓட்டினால் போதும். ரோடோடோபி ஊருக்கு அருகே வயலுக்கு நடுவில் ஒரு கோயிலின் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. சியூஸ் அரெயோஸ், போர்ச் சியூஸின் கோயில் என்று கருதப்படுவது. பக்கத்தில் கார்டிகி குன்றின் மேல் சுற்றுமதில். இரண்டும் சேர்ந்ததே பசாரோன் என்பது பொதுவான கருத்து. பெயர்ப்பலகையை நம்பிப் போனால் வழி தவறும், ஊர்ப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மழைக்கு மறுநாள் போகாதீர்கள், வயல் வழி சேறாகிவிடும்.

பசாரோனில் நடந்ததை புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அரசர்கள் சியூஸ் அரெயோஸுக்குப் பலியிடுவார்கள். பிறகு இரு தரப்பும் சத்தியம் செய்யும். சட்டப்படி ஆள்வேன் என்று அரசன். சட்டப்படி அரசைக் காப்போம் என்று மக்கள். அரசன் மட்டும் சத்தியம் வாங்கிக்கொள்ளும் முறை இல்லை இது.

சடங்கு முடிந்த பிறகு நடக்கும் விருந்தும் பரிசுகளும் அதே அளவு சுவையானவை. கி.மு. 290-களில் பிர்ரோஸும் இன்னொரு நியோப்டோலெமஸும் கூட்டாக ஆண்டார்கள். அப்படி ஒரு கூட்டத்தில் எதிராளியின் ஆள் கெலோன் பிர்ரோஸுக்கு இரண்டு சோடி உழவு மாடுகளைப் பரிசளித்தான். பிர்ரோஸின் பானப் பரிமாறி மிர்ட்டிலோஸ் அவற்றைத் தனக்குக் கேட்டான். பிர்ரோஸ் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். மனம் புண்பட்ட மிர்ட்டிலோஸை வைத்து நஞ்சூட்டத் திட்டம் போட்டான் கெலோன், மிர்ட்டிலோஸ் அதை அரசனிடமே சொல்லிவிட்டான். இன்னொரு சாட்சியும் கிடைத்தது: மந்தைகளுக்குப் பொறுப்பாளனான சாமோனின் மனைவி ஃபெனாரெட்டே. அவள் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் படுத்திருக்க, நியோப்டோலெமஸ் எல்லாவற்றையும் தன் சகோதரியிடம் உளறிக்கொண்டிருந்தான். முடிவில் ஒரு விருந்தில் நியோப்டோலெமஸ் கொல்லப்பட்டான். அரண்மனைச் சதி என்றாலும் கதை முழுக்க மாடும் மந்தையும்தான். அரசின் செல்வம் எதுவென்று இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. எபிரஸ் பசுக்கள் உயரமானவை, உட்கார்ந்தால் மடி எட்டாது, நின்றபடிதான் கறக்க வேண்டும் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார்.

கார்டிகி குன்றில் ஏறுபவர்களுக்கு ஒரு குறிப்பு. மேய்ச்சல் நாய்கள் உண்டு. ஓடாதீர்கள். நின்று, மந்தையைச் சுற்றி விலகிப் போங்கள், மேய்ப்பவர் குரல் கொடுக்கும்வரை மந்தைக்கு நடுவே புகாதீர்கள். மொலோசிய நாய் பண்டை உலகில் பெயர்பெற்றது. அங்கேயும் அரிஸ்டாட்டில் ஒரு வேறுபாடு சொல்கிறார்: வேட்டைக்கு வளர்ப்பது மற்ற ஊர் நாய்களைப் போன்றதே, ஆட்டுக் காவலுக்கு வளர்ப்பதுதான் உருவிலும் காட்டு விலங்கை எதிர்க்கும் துணிச்சலிலும் மேலானது. இன்று உலகெங்கும் 'மொலோசர்' என்ற பெயரில் விற்கும் நாய்களுக்கும் இவற்றுக்கும் நேர்வழி உறவு காட்டுவது பெரும்பாலும் விற்பனைப் பேச்சு.

இன்னொரு வழக்கம். ஏதென்ஸிலிருந்து விரட்டப்பட்ட அந்நகரத் தலைவர் தெமிஸ்டோக்ளீஸ், தனக்கு வேண்டாதவனான மொலோசிய அரசன் அத்மெட்டோஸின் வீட்டுக்கே ஓடிவந்தார். அரசன் ஊரில் இல்லை. எப்படி அடைக்கலம் கேட்பது என்று அரசி சொல்லிக்கொடுத்தாள்: எங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துகொள். மொலோசியரிடையே அதற்குமேல் வலுவான கெஞ்சல் கிடையாது என்கிறார் துசிடிடிஸ். திரும்பிவந்த அரசன் அவரை ஒப்படைக்க மறுத்து, தரைவழியே மாசிடோனியக் கடற்கரைக்கு அனுப்பிவைத்தான்.

நாள் 4: வீட்சா

இன்று சுருக்கமாக. யானினாவுக்கு வடக்கே சகோரி மலையூர்கள். வீகோஸ் பள்ளத்தாக்கைப் பார்க்க வருகிறவர்கள் வீட்சா ஊரைத் தாண்டித்தான் போவார்கள், ஆனால் இங்கே ஒரு மொலோசியக் குடியிருப்பும் இடுகாடுகளும் அகழப்பட்டது பலருக்குத் தெரியாது. உயரம் சுமார் 1,000 மீட்டர். அகழ்ந்தவர் யூலியா வொகோடொபூலு. கி.மு. 9-ஆம் நூற்றாண்டிலிருந்து 4-ஆம் நூற்றாண்டு வரை ஆள் இருந்த இடம். கல்வீடுகள், நூற்றுக்கும் மேற்பட்ட கல்லறைகள். ஆண்களோடு இரும்பு ஈட்டிமுனையும் கத்தியும், பெண்களோடு அணிகலன்கள். தெற்குக் கிரேக்கத்திலிருந்து வந்த வெண்கலக் கலங்களும் இருந்தன. மலை மூலையில் ஆடு மேய்த்தவர்கள் உலகத்தோடு தொடர்பில்லாமல் இருந்தார்கள் என்ற எண்ணத்துக்கு அந்தக் கலங்களே பதில்.

களத்தில் பார்க்க அதிகம் மிச்சமில்லை. பொருட்கள் எல்லாம் யானினா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இங்கே வருவது நிலத்தைப் பார்க்க: கோடைக்கு ஏற்ற மேய்ச்சல் மேடு, குளிர்காலத்தில் பனி. அம்ப்ராகிய வளைகுடாவின் கரைச் சமவெளிக்கு மந்தையை இறக்கினால்தான் ஆண்டு முழுக்கப் புல் கிடைக்கும். மொலோசிய அரசர்கள் ஏன் தலைமுறை தலைமுறையாகத் தெற்கே, கடலை நோக்கி நெருக்கினார்கள் என்பது வரைபடத்தில் புரிவதைவிட இந்த மேட்டில் நின்றால் சீக்கிரம் புரியும்.

நாள் 5: ஓராவோன், ஆர்ட்டா

கி.மு. 167 என்ற ஆண்டு இந்த நாட்டின் பல களங்களிலும் கரி அடுக்காகக் கிடக்கிறது. மாசிடோனியாவை வென்ற ரோமானியர், அதன் பக்கம் சாய்ந்த மொலோசியரைத் தண்டிக்க வந்தார்கள். ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி நான்கு ஊர்களின் பெயரைத் தனியே சொல்கிறார், முதலில் பணிய மறுத்தவை: பசாரோன், டெக்மோன், ஃபிலாகே, ஹோரெயும். பசாரோனில் அன்டினௌஸ், தியோடோட்டஸ் என்ற இரு தலைவர்களும் ஊர் தங்கள் பேச்சைக் கேட்காது என்று தெரிந்ததும் எதிரியின் காவல்முனைமேல் பாய்ந்து செத்தார்கள். ஹோரெயும் என்பது ஓராவோன், ஆர்ட்டாவுக்கு வடக்கே அம்மோடொபோஸ் ஊருக்கு அருகில்.

ஓராவோனை விட்டுவிடாதீர்கள். கி.மு. 4-ஆம் நூற்றாண்டு வீடுகள் மாடி உயரத்துக்கு நிற்பதைக் கிரேக்கத்தில் வேறெங்கும் இப்படிப் பார்க்க முடியாது. காரணம் எளிது. மற்ற ஊர்களில் அடிப்பகுதி மட்டும் கல், மேலே பச்சைச் செங்கல். மழையில் அது கரைந்து, நமக்கு முழங்கால் உயரச் சுவர்தான் மிஞ்சும். இங்கே சுண்ணாம்புக்கல் தாராளம், மழையும் தாராளம், ஆகவே கூரைவரை கல்லிலேயே கட்டினார்கள். மாடி விட்டங்களைச் செருகிய குழிகள், மேல்தளச் சன்னல்கள், படிக்கட்டு எல்லாம் தெரியும். பாதை கரடுமுரடு, முட்செடி அதிகம், நீளக் காற்சட்டை அவசியம். தண்ணீர் கிடைக்காது.

தண்டனை எப்படி நடந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. ரோமானியத் தளபதி எமிலியஸ் பாலஸ் ஒவ்வொரு ஊரிலிருந்தும் முக்கியமானவர்கள் பத்துப் பேரை வரவழைத்து, தங்கமும் வெள்ளியும் பொது இடத்தில் குவிக்கச் சொன்னார். தொலைவு கணக்கிட்டுப் படைப்பிரிவுகளை முன்பின்னாக அனுப்பி, எல்லா ஊருக்கும் ஒரே நாளில் சேரவைத்தார். காலையில் தங்கம் சேகரித்தாயிற்று. பகலின் நாலாம் மணிக்கு, நம் கணக்கில் காலை பத்து மணி வாக்கில், கொள்ளைக்குச் சைகை. 70 ஊர்கள் சூறையாடப்பட்டன, 1,50,000 பேர் அடிமைகளாயினர். அந்த ஊர்களில் பெரும்பாலானவை மொலோசியருடையவை. கொள்ளையில் குதிரைவீரனுக்கு 400 டெனாரியஸ், காலாளுக்கு 200 என்கிறார் லிவி. தலைக்குப் பதினொரு திராக்மாதான் தேறியது என்கிறார் புளூட்டார்க். இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை, ஆனால் ஊர்களின் எண்ணிக்கையில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

மதியம் ஆர்ட்டா. அன்றைய பெயர் அம்ப்ராகியா, கொரிந்தியரின் குடியேற்றம். பிர்ரோஸ் கையில் வந்ததும் மலைநாட்டு அரசுக்கு முதன்முறையாகக் கடற்பக்கம் ஒரு தலைநகர் கிடைத்தது. 20,000 காலாட்கள், 3,000 குதிரைவீரர்கள், 20 யானைகளோடு அவர் கி.மு. 280-இல் இத்தாலிக்குக் கப்பலேறியது இந்தத் தலைநகரை வைத்துக்கொண்டுதான். இன்று கடைத்தெருவுக்கு நடுவே அப்போலோ கோயிலின் அடித்தளமும், கொஞ்சம் தள்ளி ஒரு சிறிய அரங்கமும் இருக்கின்றன. இரண்டையும் அரை மணியில் பார்த்துவிடலாம்.

இங்கே நின்று நினைக்க வேண்டியது கி.மு. 189 முற்றுகை. பாலிபியஸ் அதைப் பொறியாளர் குறிப்புபோல் எழுதியிருக்கிறார். ரோமானியர் மறைப்புக் கட்டிச் சுரங்கம் தோண்டினார்கள், மண்மேடு உயர்ந்ததும் உள்ளே இருந்தவர்கள் கண்டுகொண்டார்கள். மதிலுக்கு உட்புறம், அதற்கு இணையாகப் பள்ளம் வெட்டி, அதன் பக்கவாட்டில் மெல்லிய வெண்கலப் பாத்திரங்களைச் சாய்த்து வைத்தார்கள். தோண்டும் அதிர்வுக்கு எந்தப் பாத்திரம் ரீங்கரிக்கிறதோ, அதற்கு நேரே குறுக்காகத் தோண்டிச் சுரங்கத்தில் புகுந்தார்கள். நெருக்கத்தில் ஈட்டிச் சண்டை பலன் தரவில்லை. அடுத்து வந்தது புகை. சுரங்கத்தின் அகலத்துக்கு ஒரு பெரிய தாழி. அடியில் துளையிட்டு இரும்புக் குழாய். உள்ளே மெல்லிய இறகுகளைத் திணித்து, வாயருகே சிறிது நெருப்பு வைத்து, துளைகள் போட்ட இரும்பு மூடியால் மூடி, வாய் எதிரிப் பக்கம் பார்க்கும்படி தள்ளினார்கள். தாழிக்கும் சுரங்கச் சுவருக்கும் நடுவிலிருந்த இடைவெளியை அடைத்தார்கள். இரு பக்கமும் துளை விட்டு நீண்ட ஈட்டிகளை நீட்டினார்கள், யாரும் தாழியை நெருங்காதிருக்க. பின்னாலிருந்து துருத்தி ஊத, இறகு எரிய எரியக் குழாயைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே வந்தார்கள். இறகுப் புகையின் நெடி தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டாம்.

சுரங்கப் போரில் வென்றும் நகரம் இறுதியில் உடன்பாட்டுக்கு வந்தது. 785 வெண்கலச் சிலைகளும் 230 பளிங்குச் சிலைகளும் ரோமாபுரிக்குப் போயின. ஆர்ட்டா அருங்காட்சியகத்தில் பெரிய சிலைகளைத் தேடாதீர்கள்.

நாள் 6: அகெரோன்

மலையிலிருந்து இறங்கித் தெஸ்ப்ரோத்தியர் கரைக்கு வந்தாயிற்று. வழியில் கசோபே: கட்டங்கட்டமான தெருக்கள், நடுமுற்றத்தைச் சுற்றி 17 அறைகள் கொண்ட ஒரு விருந்தினர் விடுதி, கீழே கடல். கி.மு. 31 அக்டியம் போருக்குப் பிறகு அகஸ்டஸ் நிகோபோலிஸ் நகரை எழுப்பி, சுற்றுவட்டாரத்து மக்களை அங்கே குடியேற்றியபோது இந்த ஊரும் ஆளற்றுப்போனது. ஒரு மணி நேரம் போதும்.

மெசொபொடாமோஸ் ஊரில் இருக்கும் நெக்ரோமன்டெயோன், அதாவது இறந்தவர்களிடம் குறி கேட்கும் மேடை என்று பெயர்பெற்ற கட்டடம்தான் இன்றைய விஷயம். அகெரோன் ஆறும் கோகிட்டோஸ் ஆறும் கூடும் இடத்துக்கு மேலே ஒரு குன்று. கீழே இருந்த ஏரியை வற்றவைத்து வயலாக்கிவிட்டார்கள். ஒடிசியூஸ் செத்தவர்களோடு பேசிய இடமாக ஹோமர் வருணிக்கும் நிலம் இதை ஒத்திருக்கிறது. கொரிந்து ஆட்சியாளர் பெரியாண்டர், இறந்த மனைவி மெலிசாவின் ஆவியிடம் கேட்க ஆளனுப்பியது அகெரோன் கரைக்குத்தான். குளிர்கிறது, என்னோடு புதைத்த உடைகளை எரிக்கவில்லை, அதனால் அவை எனக்குப் பயன்படவில்லை என்றாள் அவள்.

சோட்டிரிஸ் டகாரிஸ் 1958 முதல் 1964 வரையிலும் பிறகு 1976, 77-இலும் இங்கே அகழ்ந்தார். 3.3 மீட்டர் தடிமன் சுவர், வளைந்து திரும்பும் நடைபாதை, அடியில் வில்வளைவுகள் தாங்கும் நிலவறை. கருகிய அவரைவகைகள், தாழிகள், வெண்கல வளையங்கள் கிடைத்தன. இருட்டறையில் பட்டினி, மயக்கும் உணவு, கடைசியில் பொறியில் தொங்கி இறங்கும் ஆவியுருவம்: டகாரிஸ் கட்டிய சித்திரம் இது. வெண்கல வளையங்கள் அந்தப் பொறியின் சக்கரங்கள் என்றார். பல வழிகாட்டிகள் இன்னமும் இதையே சொல்வார்கள், கேட்கவும் நன்றாக இருக்கும்.

வளையங்களைப் பார்த்த ஜெர்மன் ஆய்வாளர் டீட்வுல்ஃப் பாட்ஸ் அவை கவண்பொறியின் உறுப்புகள் என்று காட்டினார். முறுக்குக் கவணில் நரம்புக்கயிற்றுக் கட்டுகள் இரண்டு இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு கை செருகியிருக்கும். கட்டின் மேலும் கீழும் ஒரு வெண்கல வளையம், அதன் குறுக்கே இரும்புத் தண்டு, கயிறு அந்தத் தண்டில் சுற்றி வரும். வளையத்தைத் திருகினால் கயிறு முறுக்கேறும். திருகியது நழுவாமலிருக்க விளிம்பில் வரிசையாகத் துளைகள், அவற்றில் முளை அடிப்பார்கள். இரு கட்டுகளின் முறுக்கும் ஒத்திருக்காவிட்டால் அம்பு ஒரு பக்கம் இழுக்கும். ஈரக்காற்றில் நரம்பு தளர்ந்துவிடும், ஆகவே அடிக்கடி திருகத் தோதாகத்தான் அத்தனை துளைகள். ஆவியை இறக்க இவை எதுவும் தேவையில்லை. தடித்த சுவர், தாழிகளில் தானியம், வேளாண் கருவிகள், கவண்பொறிகள்: கோட்டை கட்டிய பண்ணை வீடு என்பதே பொருந்தும் விடை. கி.மு. 167-இல் எரிந்தது. குறிமேடை இந்தக் கரையில் எங்கோ இருந்திருக்கும், இந்தக் கட்டடத்துக்குள் இல்லை. நிலவறைக்கு இறங்கும் இரும்புப் படி செங்குத்தானது, ஈரமாக இருக்கும், வழுக்காத செருப்பு முக்கியம்.

கடைசியாக, கனலாகி ஊரை ஒட்டிய கஸ்ட்ரி குன்று. பண்டைய பண்டோசியா இதுதான் என்று கொள்கிறார்கள். ஒலிம்பியாஸின் தம்பி, மொலோசிய அரசன் அலெக்சாண்டருக்கு டொடோனா ஓர் எச்சரிக்கை தந்திருந்தது: அகெரோன் நீருக்கும் பண்டோசியா ஊருக்கும் விலகியிரு. இரண்டும் அவர் நாட்டு வாசலிலேயே இருந்தன. விலகுவதற்காகவே அவர் இத்தாலிக்குப் போவதில் அவசரம் காட்டினார் என்கிறார் லிவி. தெற்கு இத்தாலியில், கி.மு. 331 வாக்கில், வெள்ளம் அடித்துப்போன பாலத்தின் அருகே ஓர் ஆற்றைக் கடக்கும்போது களைத்த படைவீரன் ஒருவன் ஆற்றைத் திட்டினான்: உனக்கு அகெரோன் என்று பெயர் வைத்தது சரிதான். அரசர் அப்போதுதான் தயங்கினார். பக்கத்து ஊரின் பெயர் பண்டோசியா. எதிர்க்கரை ஏறும்போது எறியீட்டி ஒன்று தைத்தது. உடலை எதிரிகள் இரண்டாக வெட்டினார்கள். எபிரஸில் சிறைப்பட்டிருந்த தன் கணவனையும் பிள்ளைகளையும் மீட்க இந்த உடல் உதவும் என்று ஒருத்தி அழுது கேட்டு வாங்கி, மிஞ்சியதை எரித்தாள். எலும்புகள் மெட்டபொன்டம் போய், அங்கிருந்து கப்பலில் எபிரஸ் வந்து, மனைவி கிளியோபாட்ராவிடமும் அக்கா ஒலிம்பியாஸிடமும் சேர்ந்தன.